ஓட்டக்காரரின் தடித்த இதயச் சுவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. இதயத் தசை செல்களை வளர்த்து ஆராயும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தக் குடும்பத் தலைவரும் நானும் ஒரே ஓட்டக் குழு, அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். "தம்பி, நீயும் கூட வந்து உட்காரு, அவங்க சொல்றது எனக்குப் பாதிதான் புரியுது" என்று அவர் கேட்டதால், மருத்துவரோடு நடந்த பெரும்பாலான சந்திப்புகளில் இருந்தேன்.

பின்னணி

வயது 43. விமான நிலையச் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்தவர், அதற்குப் பின் அவ்வப்போது கூப்பிடும் ரிசர்விஸ்ட் கடமையும் 40 வயதோடு முடிந்தது. அதுவரை வருடா வருடம் 2.4 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு இருந்ததால் உடம்பைக் கவனித்தார். தேர்வு நின்றதும் தொப்பை போட்டுவிடும் என்ற பயத்தில் மாரத்தானுக்கு மாறினார். வார நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதை, ஞாயிற்றுக்கிழமை மெக்ரிட்சி அல்லது ஈஸ்ட் கோஸ்ட். வாரத்துக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாது.

அவருடைய அப்பா 52 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர். அது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது, பிரேதப் பரிசோதனை எதுவும் இல்லை. "மாரடைப்பு" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இந்த ஒரு தகவல்தான் பின்னால் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது.

நிறுவனத்தின் வருடாந்திர உடற்பரிசோதனையில் ஈசிஜி எடுத்தபோது இடது கீழறையின் அலைகள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. பலதுறை மருந்தகம் என்ற அரசுப் பொது மருத்துவ நிலையம், அங்கிருந்து சிறப்பு மருத்துவர், ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ என்று வரிசையாக நடந்தது. அவருக்குத் துளியும் கவலை இல்லை. ஓடுகிறவனுக்கு இதயம் பெரிதாகத்தான் இருக்கும் என்று குழுவில் எல்லோரும் சொன்னோம், அது பொதுவாக உண்மையும்கூட.

முதல் எக்கோவில் தெரிந்தது

இதயத்தின் இடைச்சுவர் 14 மில்லிமீட்டர், பின்சுவர் 13. இடது கீழறையின் உள் அளவு 54. ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 60 சதவீதம், அதில் குறை எதுவும் இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50, நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு அது சகஜம். ஈசிஜியில் உயரமான அலைகளைத் தவிர வேறு மோசமான அறிகுறி இல்லை.

இடறியது இரண்டு விஷயம். ஒன்று, சுவரின் தடிமன். இத்தாலியில் 947 உயர்நிலை விளையாட்டு வீரர்களை எக்கோ எடுத்துப் பார்த்து 1991-இல் வெளியிட்டார்கள். அதில் 13 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சுவர் இருந்தவர்கள் வெறும் 16 பேர். அந்தப் பதினாறு பேரில் 15 பேர் படகு வலிப்பவர்கள், ஒருவர் சைக்கிள் வீரர், ஓட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க வேலைக்குப் போய்க்கொண்டே ஓடும் ஒருவருக்கு 14 என்றால் யோசிக்க வேண்டும். 13 முதல் 15 வரை மருத்துவர்கள் சந்தேக எல்லையாகவே வைத்திருக்கிறார்கள், பயிற்சியாலும் வரலாம், நோயாலும் வரலாம்.

இரண்டாவது, சுவர் தளரும் வேகம். பயிற்சியால் வளர்ந்த இதயம் நன்றாகத் தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்கும், அந்த வேகம் சராசரி ஆளைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். இவருக்கு அது நொடிக்கு 7 சென்டிமீட்டர்தான், குறைவு. இடது மேலறையும் சற்றுப் பெரிதாக இருந்தது, ஆனால் ஓட்டக்காரர்களுக்கும் மேலறை பெரிதாகும் என்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் மூன்று சாத்தியங்களைச் சொன்னார். பயிற்சியால் வந்த நல்ல வளர்ச்சியாக இருக்கலாம். உயர் ரத்த அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம். அல்லது ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி, அதாவது பரம்பரையாக வரும் இதயத் தசை நோய். இது சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, அப்பாவின் திடீர் மரணத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒதுக்கித் தள்ள முடியாது. மூன்றாவதாக இருந்தால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர்கள் என நெருங்கிய ரத்த உறவுகள் அத்தனை பேரையும் பரிசோதிக்க வேண்டும். அவருடைய மகனுக்கு அப்போது 17 வயது, தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக் கடிதம் வரப்போகிற நேரம். இதைக் கேட்ட பிறகுதான் அண்ணனுக்கு முகம் மாறியது.

ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டபோது அண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மாதக்கணக்காக வீட்டில் அளந்த கணக்கு, பெரும்பாலும் 122/78 பக்கம். நல்ல எண்கள். அதனால் இரண்டாவது சாத்தியம் பட்டியலில் கீழே இறங்கியது.

ரத்தப் பரிசோதனை பற்றிய கேள்வி

இங்கேதான் மைக்ரோ ஆர்என்ஏ பேச்சு வந்தது, கொண்டு வந்தவர் அவரேதான். இணையத்தில் தேடியிருக்கிறார். "வயித்துப் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்என்ஏ ரத்தப் பரிசோதனை நம்ம ஊர்லயே கண்டுபிடிச்சாச்சு, அரசாங்க அனுமதியும் கிடைச்சிருச்சு. இதயத்துக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துப் பார்த்தா இது நல்ல வீக்கமா கெட்ட வீக்கமானு தெரிஞ்சிடாதா?" நியாயமான கேள்வி. 12 மைக்ரோ ஆர்என்ஏக்களை அளக்கும் அந்தப் பரிசோதனைக்குச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் 2019-இல் அனுமதி கொடுத்தது உண்மைதான்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் அடுத்து எடுத்த முடிவுக்கு இதுதான் காரணம்.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள மிகச் சிறிய ஆர்என்ஏ. அது எந்தப் புரதத்தையும் உருவாக்காது. மரபணுவிலிருந்து புரதத்துக்குச் செய்தி கொண்டுபோகும் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் செய்தியை அமுக்கிவிடும் அல்லது சிதைத்துவிடும். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல செய்திகளை ஒரே நேரத்தில் அமுக்கக்கூடியது என்பதால், செல்லின் போக்கையே அதனால் திருப்பிவிட முடிகிறது. 1993-இல் ஒரு புழுவில் முதலில் தெரிய வந்தது, இதற்காக விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆய்வகத்தில் மிர் என்று சுருக்கிப் பின்னால் ஓர் எண்ணைப் போட்டுக் கூப்பிடுவோம்.

வயது வந்தவரின் இதயத் தசை செல்கள் பிரிந்து பெருகுவது மிக அரிது. வேலை கூடினால் இருக்கும் செல்களே பருக்கின்றன. ஆனால் எந்த வேலையால் பருக்கின்றன என்பதைப் பொறுத்து உள்ளே ஓடும் கட்டளைகள் வேறு. ஓட்டம், நீச்சல் போன்ற பயிற்சியில் ஐஜிஎஃப்-1, பிஐ3கே, ஏகேடி என்ற புரதங்களின் வழியாகச் செய்தி போகிறது. கூடவே ரத்தக் குழாய்களும் வளரும், இதயத்தை விறைப்பாக்கும் நார்த்திசு அதிகமாகாது, பயிற்சியை நிறுத்தினால் தடிமன் இறங்கும். உயர் அழுத்தத்தில் ஆஞ்சியோடென்சின், எண்டோதீலின், கால்சினியூரின் என்ற வேறு மூலக்கூறுகளின் வழி. அதில் செல்லும் பருக்கிறது, செல்களுக்கு நடுவே நார்த்திசுவும் படிகிறது, கருவில் இருந்தபோது வேலை செய்த சில மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன.

இந்த இரண்டு வழிகளிலும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது மிர்-208 கதை. இதயத்தைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதத்தின் மரபணுவுக்கு உள்ளேயே இந்த மைக்ரோ ஆர்என்ஏவின் குறியீடு ஒளிந்திருக்கிறது. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர் எரிக் ஓல்சனின் குழு இதை எலிகளில் நீக்கிப் பார்த்தது. பெருந்தமனியை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டியபோதும் அந்த எலிகளின் இதயம் வழக்கம்போலத் தடிக்கவில்லை, நார்த்திசுவும் குறைவாகவே படிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு, மிர்-195 ஒன்றை மட்டும் எலி இதயத்தில் அதிகமாக்கினாலே இதயம் விரிந்து செயலிழப்புக்குப் போகிறது என்று காட்டியிருந்தது. நல்ல பக்கத்தில் மிர்-222. பயிற்சி செய்த எலிகளின் இதயத்தில் அது ஏறுகிறது, அதைத் தடுத்துவிட்டால் எலி எவ்வளவு ஓடினாலும் இதயம் வளரவில்லை என்று 2015-இல் வெளியானது. நீச்சல் பயிற்சி கொடுத்த எலிகளில் மிர்-29 கூடி, நார்த்திசுவின் முக்கியப் புரதமான கொலாஜன் குறைந்ததையும் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டால் ரத்தத்தில் மிர்-222, மிர்-208 இரண்டையும் அளந்து எது கூடியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் போலத் தோன்றும். அண்ணனும் அதைத்தான் சொன்னார். அதற்கு மூன்று தடைகள்.

முதலாவது, எல்லா மைக்ரோ ஆர்என்ஏக்களும் பக்கம் பிரிந்து நிற்பதில்லை. மிர்-133 இதயம் தடிப்பதைத் தடுக்கும் காவல். 2007-இல் இத்தாலியக் குழு ஒன்று பார்த்தபோது, அழுத்தத்தால் தடித்த இதயத்திலும் பயிற்சியால் தடித்த இதயத்திலும் அது குறைந்திருந்தது. அதாவது தடிக்க வேண்டுமென்றால் நல்லதோ கெட்டதோ அந்தக் காவல் இறங்கியாக வேண்டும் போலிருக்கிறது. அப்படியானால் அதை அளந்து இரண்டையும் பிரிக்க முடியாது. மிர்-21-இன் பங்கு பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை. 2008-இல் நார்த்திசு படிவதற்கு அது முக்கியக் காரணம் என்றார்கள், 2010-இல் இன்னொரு குழு அந்த மரபணுவே இல்லாத எலிகளுக்கும் இதயம் தடிக்கிறது, நார்த்திசு படிகிறது என்று மறுத்தது.

இரண்டாவது, ரத்தத்தில் தெரிவதும் இதயத்தில் நடப்பதும் ஒன்று என்று சொல்ல முடியாது. மிர்-1, மிர்-133 இரண்டும் கால் தசையிலும் நிறைய உண்டு. 2011-இல் படகு வலிக்கும் மாணவர்களை 90 நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது மிர்-21, மிர்-222 இரண்டுமே ரத்தத்தில் ஏறியிருந்தன. ஒன்று இதயத்தில் கெட்ட பெயர் வாங்கியது, மற்றது நல்ல பெயர் வாங்கியது, ஆனால் ஆரோக்கியமான இளைஞர்கள் ரத்தத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. மாரத்தான் முடித்த உடனே எடுத்த ரத்தத்தில் மிர்-208-கூட ஏறி, ஒரு நாளுக்குள் இறங்கிவிட்டதையும் பார்த்திருக்கிறார்கள். நேற்று ஓடினாரா, இன்று ஓய்வா என்பதற்கே எண் மாறும் பரிசோதனையை வைத்து ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை எழுத முடியாது.

மூன்றாவது தடை ரொம்பச் சாதாரணம். இந்தக் கேள்விக்கென்று சரிபார்த்து அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை எதுவும் மருத்துவமனைப் பட்டியலில் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் கருவி இருக்கிறது, ஆனால் நோயாளிக்கு முடிவு சொல்வதற்காக அதைப் பயன்படுத்துவது முறையில்லை, நான் மறுத்துவிட்டேன்.

எடுத்த முடிவு

மருத்துவர் சொன்னது: மூன்று மாதம் ஓட்டத்தை முழுக்க நிறுத்துங்கள், பிறகு அதே கருவியில் அதே ஆள் எக்கோ எடுக்கட்டும். பயிற்சியால் வந்த தடிமன் என்றால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இறங்கும். மற்ற இரண்டும் ஓய்வுக்கு இறங்காது.

டிசம்பர் மாரத்தானுக்குப் பணம் கட்டி வைத்திருந்தவருக்கு இது பெரிய அடி. ஆனால் மைக்ரோ ஆர்என்ஏ பேச்சிலிருந்து அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "அப்போ ஓட்டத்தால வளர்ந்ததுன்னா கட்டளை நின்னதும் தானா சுருங்கும், இல்லையா?" ஆமாம் என்றேன். "சரி, அப்ப நிறுத்திப் பார்த்துடுவோம்." ரத்தக் குழாயில் ஊசி போட்டுக் கேட்க நினைத்த கேள்வியை ஓய்வின் மூலம் கேட்பது என்று அவரே முடிவுக்கு வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

மரபணுச் சோதனையை இப்போதைக்குத் தள்ளி வைத்தார்கள். கார்டியோமயோபதி உள்ள பலருக்கு அந்தச் சோதனையில் எதுவும் தெரியாது, ஆகவே இல்லை என்று வந்தாலும் நிம்மதி கிடைக்காது. மகனுக்கு மட்டும் காத்திருக்காமல் எக்கோ எடுத்தார்கள், இயல்பாக இருந்தது.

ஓய்வு மாதங்கள்

நடக்க மட்டும் அனுமதி. எடை கொஞ்சம் கூடியது, எரிச்சலும் கூடியது. இரண்டாவது மாதத்தில் அண்ணி எனக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். வீட்டு அளவுகள் 140/88, 144/90 என்று ஏறியிருந்தன. ஓட்டத்தை விட்டதால் பிபி கெட்டுப்போச்சு, பேசாமல் மறுபடி ஓட விட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி.

பழைய பக்கங்களையும் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் நேரம் எழுதி வைத்திருந்தார், அந்தப் பழக்கத்துக்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பழைய அளவுகள் எல்லாமே காலை ஓட்டம் முடிந்து, குளித்து, தோசை ஆறுவதற்குள் எடுத்தவை. உடற்பயிற்சிக்குப் பிறகு ரத்தக் குழாய்கள் விரிந்து பல மணி நேரம் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும், உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த இறக்கம் இன்னும் அதிகம். அவர் மாதக்கணக்காக அளந்து வைத்திருந்தது அந்தத் தாழ்வான நேரத்தை மட்டும்தான். மருந்தகத்துக்குப் போன நாட்களிலும் காலையில் ஓடிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மருத்துவரிடம் நோட்டைக் காட்டினோம். அவர் உடனே 24 மணி நேர பிபி கருவி மாட்டச் சொன்னார். பகல் சராசரி 146/92, இரவு 134/84. பகலில் 135/85-க்கும் இரவில் 120/70-க்கும் கீழே இருக்க வேண்டியது. தூங்கும்போது வழக்கமாகப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கும், இவருக்கு எட்டுதான் இறங்கியது. முழங்கால் வலிக்கு வாரத்தில் பாதி நாள் டைக்லோஃபெனாக் போட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது எக்கோவும் எம்ஆர்ஐயும்

மூன்று மாத முடிவில் இடைச்சுவர் 14-இலிருந்து 13, பின்சுவர் 13-இலிருந்து 12, உள் அளவு 54-இலிருந்து 51. தளரும் வேகம் மாறவே இல்லை, அதே 7. ஒரு மில்லிமீட்டர் என்பது எக்கோவின் அளவுப் பிழைக்குள்ளேயே வரலாம், அதனால் சுவரை மட்டும் வைத்து மருத்துவர் பேசவில்லை. உள் அளவும் சேர்ந்து சுருங்கியதால் பயிற்சியின் பங்கு ஓரளவு உண்மை என்றார். மீதி இறங்காமல் நிற்கிறது என்பதும் உண்மை.

எம்ஆர்ஐயில் கார்டியோமயோபதிக்கே உரிய தழும்புப் படலம் இல்லை, தடிமன் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. செல்களுக்கு நடுவே உள்ள இடத்தின் பங்கு மட்டும் இயல்பின் மேல் எல்லையைத் தொட்டது. பயிற்சியில் செல்கள் மட்டும் பருப்பதால் அந்த இடம் குறையும் அல்லது அப்படியே இருக்கும், அழுத்தத்தில் நார்த்திசு படிவதால் கூடும். நான் ஆய்வகத்தில் மிர்-29 பற்றியும் கொலாஜன் பற்றியும் படிப்பதைத்தான் இந்தப் படம் மனிதர் நெஞ்சுக்குள் மறைமுகமாகக் காட்டுகிறது.

முடிவு: இரண்டும் கலந்த இதயம். ஓட்டத்தால் கொஞ்சம், மறைந்திருந்த உயர் அழுத்தத்தால் மீதி. பரம்பரை நோய்க்கான ஆதாரம் இல்லை என்பதால் மரபணுச் சோதனை வேண்டாம் என்று விட்டார்கள், ஆனால் தொடர்ந்து கவனிக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பின் நடந்தது

ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் வகை மாத்திரை ஒன்று தொடங்கினார்கள். அழுத்தத்தைக் குறைப்பதோடு, கெட்ட வளர்ச்சிக்கான கட்டளை தொடங்கும் இடத்திலேயே கை வைக்கும் மருந்து என்பதால் தேர்ந்தெடுத்ததாக மருத்துவர் சொன்னார். மைக்ரோ ஆர்என்ஏவையே குறி வைக்கும் மருந்து உண்டா என்று அண்ணன் கேட்டார். மிர்-132-ஐத் தடுக்கும் ஒரு மருந்தை இதயச் செயலிழப்பு உள்ள 28 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் மனித ஆய்வு 2021-இல் வெளியானது, ஆனால் இவருக்குத் தேவையானது கைக்கெட்டும் பழைய மாத்திரைதான்.

டைக்லோஃபெனாக் நின்றது. கருவாடு, ஊறுகாய், இரவு ஷிப்டில் உணவங்காடியில் குடிக்கும் மீ சூப்பின் கடைசிச் சொட்டு, இவற்றை அண்ணி கையாண்டார், அதில் நான் தலையிடவில்லை. அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு ஓட்டத்துக்கு மெல்ல அனுமதி கிடைத்தது. முதலில் வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்.

ஒரு வருடம் கழித்து எடுத்த எக்கோவில் இடைச்சுவர் 12, தளரும் வேகம் 9. 24 மணி நேரச் சராசரி 126/77. இப்போது அரை மாரத்தான் வரை ஓடுகிறார்.

அடுத்த முறை மாற வேண்டியது

24 மணி நேர பிபி கருவியை முதல் எக்கோ வந்த வாரத்திலேயே மாட்டியிருக்க வேண்டும் என்று மருத்துவரே சொன்னார். ஓட்டக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவரும் எண்களுக்கு எந்த நேரத்தில், ஓடிய நாளா ஓடாத நாளா என்று கேட்காமல் மதிப்புக் கொடுத்ததால் மூன்று மாதம் மருந்து தள்ளிப்போனது. அந்த மூன்று மாதம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன், மருந்தின் கலப்பு இல்லாமல் ஓய்வின் விளைவைத் தனியாகப் பார்க்க முடிந்தது அதனால்தான். ஆனாலும் அழுத்தம் முதலிலேயே தெரிந்திருந்தால் அப்படிக் காத்திருக்க யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

வலி மாத்திரை பற்றிய கேள்வி முதல் சந்திப்பிலேயே வந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிப் போடுவதை நம் ஆட்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதனால் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

எங்கள் ஓட்டக் குழுவிலும் ஒரு மாற்றம். ஓடாத நாளில், வேலைக்குப் போகும் முன்னும் இரவு படுக்கும் முன்னும் அளந்து, நேரத்தோடு எழுதச் சொல்கிறோம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் இன்னொருவருக்கு அப்படித்தான் உயர் அழுத்தம் தெரிய வந்தது. அண்ணனின் தம்பி ஜோகூர் பாருவில் இருக்கிறார், ஓடுகிற பழக்கமே இல்லாதவர். அவரையும் எக்கோவுக்கும் 24 மணி நேரக் கருவிக்கும் அனுப்பினார்கள். சுவர் 11 மில்லிமீட்டர்தான், அழுத்தம் மட்டும் அண்ணனைவிடக் கூடுதல், அவரும் மாத்திரை தொடங்கிவிட்டார். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். அவனுக்கு எக்கோவை எப்போது திரும்ப எடுப்பது என்பது பற்றி சேவை முடிந்ததும் பேசலாம் என்று மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார்.